நிக்கல் முலாமும் தேங்காய் எண்ணெயும்

நிக்கல் முலாம் பூசிய எதைக் கண்டாலும் எனக்குக் குமட்டும். என் மருமகள் சீராகக் கொண்டுவந்த பளபளப்பான தேநீர்க் கெட்டிலை நான் ஒருநாளும் தொட்டதில்லை. கிழவனுக்குக் கிறுக்கு என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். அந்தப் பளபளப்பில் என் அண்ணனின் முகம் தெரிகிறது என்று அவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எங்கள் தீவில், ரோஸ் பெல் என்கிற ஊர்ப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் இருந்தது. அப்பா ஒப்பந்தக் கூலியாக இருந்து, பெரிய தோட்டத்தார் வேண்டாமென்று கழித்துவிட்ட கல்லுக்காட்டை வாங்கி, கல் பொறுக்கிப் பொறுக்கியே முதுகு வளைந்து போனவர். அவருக்குப் பிறகு நிலத்தை அண்ணனும் நானும் பார்த்தோம். பார்த்தோம் என்றால், அண்ணன் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தார். நான் குனிந்து பார்த்தேன். வெட்டிய கரும்பை வண்டியில் ஏற்றி, தோட்டத்து எடைமேடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அங்கே வெள்ளைக்காரர்களிடம் தொப்பியைக் கழற்றி நாலு வார்த்தை பேசுவது அண்ணன் வேலை. அந்த நாலு வார்த்தைக்காகவே அவர் உயிர் வாழ்ந்தார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பெரிய தோட்டத்து மேலாளர் ஒருவர் பிரான்சுக்குத் திரும்பிப் போகும்போது தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் விற்றார். கட்டில், நிலைக்கண்ணாடி, நாற்காலி என்று ஊரே எதையாவது தூக்கிக்கொண்டு வந்தது. நாங்கள் வண்டியோடு போனோம். எங்கள் வீட்டுக்கு ஒரு நல்ல அலமாரி தேவைப்பட்டது. அலமாரியை நான் வண்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் உள்ளேயிருந்து கையில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தார். கைத்துப்பாக்கி. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, கருநீலமாக, ஈரமில்லாமலே ஈரமாக இருப்பதுபோல மின்னியது. ஆட்டைக் கடிக்கிற காட்டு நாய்களைச் சுட வேண்டும் என்று சொல்லிப் போலீசில் அனுமதியும் வாங்கிவிட்டார். எங்களிடம் ஆடே கிடையாது.

மேலாளர் போகிற அவசரத்திலும் அதைப் பிரித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்றேன். பிடிக்குள்ளே ஒரு தகரக் கூடு இருக்கும். அதில் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடியில் இருக்கும் ஸ்பிரிங் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை சுட்டால் மேலிருக்கும் இரும்புச் சட்டம் தானாகப் பின்னுக்குப் போய், வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்துவிட்டு, திரும்பி வரும்போது கூட்டிலிருக்கும் அடுத்த தோட்டாவைத் தள்ளி, ஒரு சின்னச் சரிவின் மேல் ஏற்றிக் குழலுக்குள் வைக்கும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான். ஒரு சின்ன டப்பாவில் மசகும் கொடுத்தார். துடைத்துவிட்டு மெல்லிசாகத் தடவு, மெல்லிசாக, என்று இரண்டு விரலைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டினார். அண்ணன் தலையாட்டிய வேகத்திலேயே ஒன்றும் காதில் ஏறவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

புது அலமாரியின் மேல்தட்டில் சாமி படங்களும் குத்துவிளக்கும் வைத்தார்கள். பூட்டு இருந்த இடம் அது ஒன்றுதான் என்பதால் துப்பாக்கியும் அதற்குக் கீழ்த்தட்டுக்குப் போயிற்று. முதல் வெள்ளிக்கிழமை அண்ணி அலமாரியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னங்க இது நாத்தம்? கொழுப்பு நாத்தமில்ல அடிக்குது!”

அண்ணன் மசகு டப்பாவை எடுத்து முகர்ந்தார். அதில் எழுதியிருந்ததைப் படிப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “கொழுப்புதான். வெள்ளைக்காரன் வேற எதைத் தடவுவான்? மாடோ பன்னியோ, யார் கண்டா?” என்றார்.

அது எந்தக் கொழுப்பும் இல்லை, எடைமேடைச் சக்கரத்துக்குப் போடுகிற மசகு போன்ற ஒன்று என்று நான் சொன்னேன். சாமி தட்டுக்குக் கீழே சந்தேகத்தை வைக்க முடியுமா என்று அண்ணி கேட்டாள். டப்பா கரும்புக்குள் போய் விழுந்தது. துப்பாக்கியைச் சாம்பலும் எலுமிச்சையும் போட்டு விளக்கு தேய்ப்பதுபோலத் தேய்த்துக் கழுவினாள். கருநீலம் பாதி அதோடு போயிற்று. மீதி மழைக்காலத்தில் போயிற்று. எங்கள் ஊரில் மழை பெய்தால் சுவரே வியர்க்கும். சட்டி, பூட்டு, கதவுக் கீல் எல்லாம் துருப்பிடிக்கும். அண்ணன் ஒருநாள் விருந்தாளிகளிடம் காட்டவென்று துணியைப் பிரித்தால் துப்பாக்கி சிரங்கு பிடித்த மாதிரி செம்புள்ளியாக இருந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. அவருடைய மானமே அந்த இரும்பில்தான் இருந்தது.

அது தைப்பூசத்துக்கு முந்தின நேரம். கோயில் வேலாயுதத்தையும் சில விளக்குகளையும் முலாம் பூசக் கொண்டுபோகிற பொறுப்பை அந்த வருஷம் எங்கள் வீடு ஏற்றிருந்தது. வேலை மஞ்சள் துணியில் சுற்றி, ரயிலில் போர்ட் லூயிஸ் போனோம். முலாம் கடைக்காரர் நம் ஆள்தான், பெரிய தொப்பை, விரலெல்லாம் பச்சைக் கறை. வேலுக்கு எவ்வளவு கனமாகப் போடட்டும் என்று கேட்டார்.

“நல்லா கனமா போடுங்க. சாமி வேல் கறுக்கக் கூடாது,” என்றார் அண்ணன். பிறகு அதே மஞ்சள் துணிக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வரும் வழியெல்லாம் வேலோடு அதையும் சேர்த்துச் சுற்றியிருந்திருக்கிறார்!

“இதுக்கும் அதே மாதிரி போடுங்க.”

“வெளியிலதானே அய்யா?”

“உள்ள வெளிய எல்லாம். கழட்டிக்குங்க. ஒரு ஊசிமுனை இடம்கூட துருப்பிடிக்கக் கூடாது.”

கடைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிஸ்தோலே என்ற சாமானை அவர் அதுவரை கையால் தொட்டதில்லை. அதற்குள் எது எதோடு உரசும் என்று அவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. நான் மட்டும், “அண்ணே, உள்ளே மயிரிழை எடம்தான் இருக்கு, கனமா போட்டா ஓடாது,” என்றேன். இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரிப் பார்த்தார்கள். வண்டி ஓட்டுகிறவன் பேசினால் அப்படித்தான் பார்ப்பார்கள்.

திரும்பி வந்தது துப்பாக்கி இல்லை, நகை. தோட்டாக் கூடு, ஸ்பிரிங்குக்கு மேலிருக்கும் தட்டு, தோட்டா ஏறுகிற சரிவு, எல்லாவற்றிலும் வெள்ளை வெளேரென்று முலாம். அண்ணன் அதை முகத்துக்கு நேராகப் பிடித்து மீசையைத் திருகிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

கூட்டுக்குள் தோட்டாவை அடுக்கும்போதே தெரிந்தது. முன்பு வழுக்கிக்கொண்டு மேலே வந்த தோட்டா இப்போது நடுவில் நின்று யோசித்தது. கூட்டைத் தொடையில் தட்டினால்தான் வந்தது. தைப்பூசம் முடிந்த வாரம் உறவுக்காரர்களை வைத்துக்கொண்டு கொல்லையிலிருந்த பப்பாளி மரத்தைச் சுட்டார். முதல் குண்டு போயிற்று. இரண்டாவது தோட்டா சரிவில் மூக்கை முட்டிக்கொண்டு பாதியில் நின்றது. மேல்சட்டம் அதைக் கடித்தபடி வாயைப் பிளந்து கிடந்தது. அண்ணன் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடியும் சுட்டார். மறுபடியும் அதே கதை. உள்ளேயிருந்து மீன் செதில் மாதிரி ஒரு நிக்கல் துணுக்கு உதிர்ந்து அவர் கைமேல் விழுந்தது.

“புதுசில்ல, பழகினா சரியாயிடும்,” என்றார். செருப்பா அது, பழகுவதற்கு!

உள்பக்கம் மட்டும் அரத்தால் ராவி எடுத்துவிடலாம் என்றேன். துருப்பிடிக்கும் என்றார். துருப்பிடித்தாலும் பரவாயில்லை, சுடுமே என்றேன். “சுடறது பெரிசா? பாக்கறவன் என்ன நெனைப்பான்?” என்றார். அதுதான் என் அண்ணன். இந்த ஒரு வாக்கியத்தை அவர் கல்லறையில் பொறித்திருக்கலாம், எங்களில் எரிக்கிற வழக்கம் இல்லாதிருந்தால்.

அதன்பிறகுதான் தேங்காய் எண்ணெய் வந்தது. வீட்டில் ஆட்டிய சுத்தமான எண்ணெய், சாமிக்கு ஆகும், கொழுப்புத் தீட்டு கிடையாது. அண்ணி வெள்ளிக்கிழமை விளக்கு துடைக்கும்போது துப்பாக்கியையும் கழற்றிச் சொட்டச் சொட்டத் தடவி, கூட்டுக்குள்ளேயும் ஊற்றி, ஒரு சந்தனப் பொட்டும் வைத்துவிடுவாள். நல்ல வெயில் காலம் அது. எண்ணெய் தண்ணீராக ஓடியது. அண்ணன் பப்பாளியைச் சுட்டார். அடுத்தடுத்துத் தடங்கலில்லாமல் வெடித்தது. “பாத்தியாடா? எதுக்கும் சுத்தம் வேணும்,” என்று என் தோளைத் தட்டினார். அந்தக் கையை உதறிவிட்டு வண்டி கட்டப் போனேன்.

குளிர் வந்தால் எங்கள் வீட்டில் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்த பிறகுதான் தலை வார முடியும். உள்ளே மெழுகாக உறைந்திருக்கும். குச்சி விட்டுக் கிண்டுவோம். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் அலமாரிக்குள் துணி சுற்றிக் கிடந்த துப்பாக்கிக்குள்ளும் அதே எண்ணெய்தான் இருக்கிறது என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு ஏறிக்கொண்டே இருந்தது.

இனி என் கோவேறு கழுதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னுடையது என்று சொல்கிறேன். வாங்கியது அண்ணன், ஆனால் வளர்த்தது நான். மண்நிறம், பெட்டை, பிடிவாதம் பிடித்தால் ஆளுநரே வந்தாலும் நகராது. என் குரலுக்கு மட்டும் நடக்கும். பாகு கலந்த தீனியை முதலில் முகர்ந்து பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும். கல்யாணத்துக்கு முன் என் பேச்சுத்துணை அதுதான். மனிதர்களைவிட அதைத்தான் எனக்குப் பிடித்திருந்தது; அண்ணனை எண்ணிப் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

வெட்டுக்காலம். நடுங்குகிற குளிர், சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. எடைமேடைக்குப் போகிற வழியில் தோட்டத்துச் சின்ன ரயில் பாதையைக் கடக்க வேண்டும். தண்டவாளத்தின் ஓரத்துக் கல் மழையில் பெயர்ந்திருந்தது. கழுதையின் முன்கால் அந்தப் பள்ளத்தில் இறங்கித் தண்டவாளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பின்னால் பாரம் தள்ளியது. கால் முறிந்த சத்தம் கரும்பு ஒடிகிற மாதிரிதான் இருந்தது. அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டது.

ஏர்க்கால் வாரை அறுத்து வண்டியை விலக்கினோம். வெட்டுக்காரர்கள், பெண்கள், தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். எலும்பு வெளியே தெரிந்தது. அது கத்தவில்லை. மூக்கை விரித்து விரித்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தது. இனி அதற்குச் செய்யக்கூடியது ஒன்றுதான், அதைச் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தோட்டத்துக் கண்காணி, வெள்ளைக்காரர், குதிரைமேல் வந்து சேர்ந்தார். முயல் சுடுகிற நீளத் துப்பாக்கி சேணத்தில் இருந்தது. பார்த்தவுடன் இறங்கி அதைக் கையிலெடுத்தார்.

“நான் முடித்துவிடட்டுமா?” என்று கிரெயோல் மொழியில் கேட்டார்.

“வீ, மிசியே. சீக்கிரம்,” என்று தலையாட்டினேன். அதன் கண்ணை மூடக் கோணியை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தொப்பி, கோட்டு, கையில் மஞ்சள் துணிப் பொட்டலம். மூச்சிரைக்க ஓடி வந்தவர், கண்காணியைக் கண்டதும் நடையை மாற்றிக்கொண்டார்.

“நோ, மிசியே. மோ எனா மோ ப்ரோப் பிஸ்தோலே,” என்றார். வேண்டாம் துரை, என்னிடம் என் சொந்தத் துப்பாக்கியே இருக்கிறது. கண்காணி தோளைக் குலுக்கிவிட்டு நீளத் துப்பாக்கியைச் சேணத்தில் திரும்பச் செருகினார்.

“அண்ணே, வேணாம்ணே. அவரே சுடட்டும்.”

“என் மிருகம்டா. தள்ளு.”

துணியைப் பிரித்தார். கூட்டம் ‘ஆ’ என்றது. அந்த ஓசைக்காகத்தான் அவர் வந்தார், சத்தியமாகச் சொல்கிறேன். மேல்சட்டத்தை இழுத்தார், அது சவசவவென்று பின்னால் போய், சவசவவென்று வந்தது. முதல் தோட்டா எப்படியோ உள்ளே போய்விட்டது. இரண்டடி தூரத்தில் நின்று, முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு சுட்டார். கழுதை அந்த நொடியில் தலையை உதறியது. குண்டு நெற்றிக்குப் போகவில்லை. காதுக்குக் கீழே கழுத்தில் இறங்கிற்று.

அப்போதுதான் அது கத்தியது. அந்தச் சத்தத்தை நான் எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். பெண்கள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார்கள். எழுந்திருக்கப் பார்த்து, முறிந்த காலை ஊன்றி, மறுபடியும் விழுந்தது. நான் அதன் கழுத்தின்மேல் விழுந்து காயத்தைக் கையால் அடைத்தேன். சாகடிக்க வேண்டிய மிருகத்தின் ரத்தத்தை ஏன் அடைத்தேன் என்று கேட்காதீர்கள். கை தானாகப் போயிற்று.

“இன்னொண்ணு சுடுங்கண்ணே! சுடுங்க!”

அவர் சுடவில்லை. சுட முடியவில்லை. மேல்சட்டம் பாதி வழியில் நின்றுவிட்டது. தோட்டா சரிவில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் கூட்டை உருவினார். உள்ளே தோட்டாக்கள் வெள்ளை மெழுகுக்குள் புதைந்து கிடந்தன. உறைந்த தேங்காய் எண்ணெய், அதில் கலந்த சந்தனம், பெயர்ந்த நிக்கல் செதில். ஸ்பிரிங் அடியில் செத்துப்போய்க் கிடந்தது. அவர் சுண்டுவிரல் நகத்தால் அந்தப் பிசினைத் தோண்டி எடுத்துக் கோட்டில் படாமல் உதறினார். கோட்டில் படாமல்! என் இடுப்புக்குக் கீழே எல்லாம் ரத்தமாக இருந்தது.

கண்காணியிடம் கெஞ்சினேன். “மிசியே, உங்க துப்பாக்கிய குடுங்க, நான் சுடறேன்.”

அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். “உன் அண்ணன் வேண்டாம் என்றாரே. அவருடைய மிருகம், அவருடைய துப்பாக்கி,” என்றார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. இத்தனை நாளாக அண்ணன் வாலாட்டியதெல்லாம் இந்தச் சிரிப்புக்குத்தான். என் வாயில் எச்சில் ஊறியது. அண்ணன்மேல் துப்புவதா அவர்மேல் துப்புவதா என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டேன்.

“அண்ணே, அவர்கிட்ட நீங்க கேளுங்க. ஒரு வார்த்தை கேளுங்க. உங்களுக்குத்தான் குடுப்பாரு.”

“வந்துடும்டா. கொஞ்சம் பொறு.”

“அது பொறுக்குமா? பாருங்கண்ணே, அத பாருங்க!”

அவர் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட அதன் பக்கம் பார்வை போகவில்லை. கூட்டை உள்ளங்கையில் அடித்தார். வாயில் வைத்து ஊதிச் சூடேற்றினார். வேட்டி முனையைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்தார். ஒரு பெண் தன் தலைத்துணியைக் கொடுத்தாள், அதிலும் துடைத்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது, குளிரில். அவர் பாடுபட்டார், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாடெல்லாம் கூட்டத்தின் முன்னால் அந்த நகை வேலை செய்ய வேண்டுமே என்பதற்கு.

கோணியால் அதன் கண்ணை மூடித் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வழக்கமாக வண்டி கட்டும்போது பேசுகிற பேச்சையே பேசினேன். போகலாம், அவ்வளவுதான், இந்த ஏற்றம் ஏறிட்டா சமவெளி. கத்தல் முனகலாயிற்று. முனகல் மூச்சாயிற்று. என் விரலிடுக்கில் வந்துகொண்டிருந்த சூடு மெல்ல மெல்ல நின்றது. வயிறு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு ஏறவில்லை. கோணியை விலக்கிப் பார்த்தேன். சாரல் அதன் திறந்த கண்ணில் விழுந்தது, இமை அசையவில்லை. பக்கத்தில் நின்ற வெட்டுக்காரர் தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்போது எனக்குப் பின்னால் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மேல்சட்டம் மூடிக்கொண்ட சத்தம்.

“வந்துடுச்சு!” என்றார் அண்ணன். குழந்தை மாதிரி சிரித்தார். “தள்ளுடா, தள்ளு!”

“செத்துப்போச்சுண்ணே,” என்றேன்.

அவர் முதல் தடவையாக அதைப் பார்த்தார். பிறகு கண்காணியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அவர் காதில் நான் சொன்னது விழுந்தது. அது எனக்கு நிச்சயம். குனிந்து, குழலை அதன் நெற்றியில் வைத்து, இந்தத் தடவை முகத்தைத் திருப்பாமல், சுட்டார். தலை என் மடியில் ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது.

நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “ஃபினி, மிசியே,” என்றார். முடிந்தது, துரை.